450 மீட்டர் தள்ளி ஒரு டப்பா

ஆன்சைட் ஆன்சைட்னு ரெண்டு வருஷம் நச்சரிச்சு, ஒரு வழியா டோக்கியோ வந்து இறங்கி மூணு மாசம் ஆகியிருந்த நேரம். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் ஆணி புடுங்கறது. சனி ஞாயிறு ரூம்ல படுத்து விட்டத்தைப் பார்க்கறது. ரூம்னதும் பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. கையை நீட்டினா இந்தச் சுவர், காலை நீட்டினா அந்தச் சுவர்.

எங்க டீம்ல ஒரு பெரியவர் இருக்கார். ரிட்டயர் ஆக இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம்தான் பாக்கி. சொந்த ஊர் வடக்கே மியாகி மாகாணம். ஜப்பான்ல சீனியரை சென்பாய்னு சொல்லுவாங்க, நாமளும் அவரை அப்படியே வச்சுக்குவோம். மனுஷர் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்துல, "ஸ்டேஷன்ல இருந்து ஆபீசுக்கு நடந்து வர்றீங்களே, அந்த வழியில நாலு டப்பா ஒளிஞ்சிருக்கு, தெரியுமா?"ன்னு கேட்டார். நான் ஙேன்னு முழிச்சேன்.

சாயங்காலம் கூட்டிட்டுப் போய் ஒண்ணைக் காட்டினார். பார்க் வேலியோட இரும்புக் குழாய்க்கு அடியில காந்தத்தால ஒட்டி வச்ச, சுண்டுவிரல் நுனி அளவு உருளை. உள்ளே சுருட்டி வச்ச காகிதம். அதுல வரிசையா தேதி, பேர், அங்கங்க பொடிசா சிவப்பு முத்திரை. மூணு மாசமா தினமும் ரெண்டு வேளை அந்த வேலியை உரசிக்கிட்டுத்தான் நான் போய்ட்டு வந்திருக்கேன். எனக்கு முன்னாடி அத்தனை பேர் அதைத் தேடிக் கண்டுபிடிச்சுப் பேர் எழுதிட்டுப் போயிருக்காங்க!

இந்த விளையாட்டுக்குப் பேர் ஜியோகேச்சிங். தெரியாதவங்களுக்கு ரெண்டே வரியில. ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கயாவது ஒளிச்சு வச்சு, அந்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்துல போட்டுருவார். நாம ஜிபிஎஸ்ஸை வச்சுத் தேடிப் போய், உள்ள இருக்கற காகிதத்துல பேர் எழுதிட்டு, எடுத்த இடத்துலயே மறுபடி வச்சுட்டு வரணும். அவ்ளோதான். பரிசு கிடையாது, கப்பு கிடையாது. விளையாடாத பொதுஜனங்களுக்கு "மகிள்"னு பேரு (ஹாரி பாட்டர் உபயம்). மகிள் கண்ணுல படாம எடுக்கறதுலதான் கிக்கே.

ரெண்டு மாசத்துல முப்பது டப்பா எடுத்துட்டேன். தலைக்கனம் ஏறாம இருக்குமா? "போனை வச்சு யார் வேணா எடுக்கலாம், நான் காகித மேப்பை வச்சே எடுக்கறேன்"னு சென்பாய்கிட்ட சவால் விட்டேன். சிரிச்சார், ஒண்ணும் சொல்லலை. ஜிம்போச்சோன்னு ஒரு ஏரியா, தெரு முழுக்கப் பழைய புத்தகக் கடை. அங்க போய் அரசாங்கம் வெளியிட்ட 25,000-க்கு ஒண்ணு அளவு மேப் ஒண்ணை சல்லிசா வாங்கினேன். மோன்சென் நகாச்சோ பக்கம் இருக்கற ஒரு டப்பாவோட நம்பரை ஸ்கேல் வச்சு, பென்சில் வச்சுப் புள்ளி குத்தி, ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பிட்டேன். இஞ்சினியரிங் டிராயிங் பேப்பர்ல அரியர் வச்சவன் நான்ங்கறது அப்ப ஞாபகத்துக்கு வரலை.

புள்ளி இருந்த இடத்துல ஒரு அபார்ட்மென்ட்டோட சைக்கிள் ஸ்டாண்ட். நாப்பது நிமிஷம் ஒவ்வொரு சைக்கிளுக்கு அடியிலயும் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தேன். மாடியில இருந்து ஒரு பாட்டி பார்த்துட்டே இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு போலீஸ்காரர் சைக்கிள்ல வந்து ரொம்ப மரியாதையா, "என்ன தேடறீங்க?"ன்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்ச ஜப்பானிய மொழியில "டப்பா"ன்னேன். "யாரோட டப்பா?"ன்னார். "தெரியாது"ன்னேன். "உள்ள என்ன இருக்கு?"ன்னார். "காகிதம்"னேன். அவர் மூஞ்சி போன போக்கை இப்ப நினைச்சாலும்... அவ்வ்வ்வ். விசா கார்டு எல்லாம் காட்டி, நூறு தடவை குனிஞ்சு சுமிமாசேன் சொல்லி, செம பல்பு வாங்கிட்டு ரூமுக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை சென்பாய் மேப்பை வாங்கி, மூலையில அச்சிட்ட வருஷத்தைப் பார்த்தார். ஸ்கேலை எடுத்து என் பென்சில் புள்ளியில இருந்து தென்கிழக்குப் பக்கம் 1.8 சென்டிமீட்டர் அளந்து வேற ஒரு புள்ளி வச்சார். "இங்க இருக்கு. நீங்க தேடினது 2002-க்கு முன்னாடி இருந்த ஜப்பான்ல"ன்னார்.

1.8 சென்டிமீட்டர்னா நிலத்துல 450 மீட்டர். நான் புள்ளி குத்தினது தப்பில்லை, டப்பா ஒளிச்சவர் கொடுத்த நம்பரும் தப்பில்லை. அப்ப நடுவுல 450 மீட்டர் எங்க போச்சு? சாதாரணமா நான் ஒரு பக் கிடைச்சா அதைச் சரி பண்ணிட்டுத் தூங்கிருவேன். இது தூங்க விடலை. தோண்டத் தோண்ட எங்கயோ கூட்டிட்டுப் போயிருச்சு. கொசுவர்த்தியை 200 வருஷத்துக்குச் சுத்த விடறேன், வாங்க.

சென்பாய் வச்ச புள்ளிக்குப் பக்கத்துலதான் தோமியோகா ஹச்சிமான் கோயில் இருக்கு. அந்த வாரக் கடைசியில போய் டப்பாவை எடுத்துட்டு (அஞ்சே நிமிஷம்!) கோயிலுக்குள்ள நுழைஞ்சா, வாசல் பக்கம் ஒரு சிலை. கையில கோல் வச்சுக்கிட்டு, காலை எட்டி வச்சு நடக்கற மாதிரி ஒரு கிழவர். 2001-ல் வச்ச சிலை. பேரு இனோ ததாதகா. ஜப்பானை முதன்முதலா முழுசா அளந்தவர்.

இவர் கதையைக் கேட்டா நம்ம 'இனிமே என்னத்த படிச்சு'ங்கற புலம்பல் எல்லாம் ஓடிப் போயிரும். பிறந்தது 1745. சவாராங்கற ஊர்ல சாராயம் காய்ச்சி விக்கற வியாபாரக் குடும்பத்துக்கு வீட்டோட மாப்பிள்ளையாப் போனவர். நொடிச்சுப் போயிருந்த குடும்பத்தைத் தூக்கி நிறுத்திட்டு, கிட்டத்தட்ட அம்பது வயசுல தொழிலைப் பையன் கையில கொடுத்தார். அப்புறம் நம்ம ஊர்ப் பெரியவங்க மாதிரி திண்ணையில உட்காரலை. 1795-ல் எடோவுக்கு (இன்றைய டோக்கியோ) வந்து, தகாஹாஷி யோஷிதோகி என்ற வானியல் அறிஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். குருவுக்கு சிஷ்யனை விட 19 வயசு கம்மி!

அவரை அரிச்ச கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அட்சரேகையில ஒரு டிகிரி வடக்கே போனா நிலத்துல எவ்வளவு தூரம்? அது தெரிஞ்சா பூமியோட அளவு தெரிஞ்சிரும். அதைக் கணக்கு போட ரொம்ப தூரம் நடக்கணும். அந்த நேரத்துல ரஷ்யக் கப்பல்கள் வடக்கே எசோ (இன்றைய ஹொக்கைடோ) பக்கம் வந்து போக ஆரம்பிச்சதால அரசுக்கு அந்தப் பகுதியோட மேப் தேவைப்பட்டுச்சு. அதைச் சாக்கா வச்சு அனுமதி வாங்கி, செலவுல பெரும்பகுதியைத் தன் கைக்காசுல போட்டு, 1800-ல் கிளம்பினார். முதல் பயணத்துல தூரத்தை அளந்தது காலடியை எண்ணித்தான். கிளம்பறதுக்கு முன்னாடி கும்பிட்டுப் போனது இந்த ஹச்சிமான் கோயில்லதான். அதனாலதான் அங்க சிலை.

1816 வரைக்கும் மொத்தம் பத்து அளவைப் பயணம். எல்லாத்தையும் கூட்டினா பூமியைக் கிட்டத்தட்ட ஒரு சுற்று சுத்தின தூரம் வரும். ஒரு டிகிரிக்கு அவர் போட்ட கணக்கு 28.2 ரி, அதாவது சுமார் 110.75 கிலோமீட்டர். இன்னைய அளவோட ஒப்பிட்டா ஆயிரத்துல சுமார் ரெண்டு பங்குதான் வித்தியாசம். 1818-ல் மேப் முடியறதுக்கு முன்னாடியே இறந்துட்டார். சிஷ்யர்கள் அவர் செத்ததையே வெளியில சொல்லாம, 1821-ல் வேலையை முடிச்சுட்டுத்தான் அறிவிச்சாங்க. பெரிய அளவு மேப் மட்டும் 214 தாள்.

இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சதை என்ன பண்ணாங்க தெரியுமா? பெட்டியில வச்சுப் பூட்டிட்டாங்க. நாட்டோட கரை எங்க வளையுது, துறைமுகம் எங்க இருக்குன்னு அந்நியனுக்குத் தெரியக் கூடாது. வெளிநாட்டுக்குக் கொடுக்கத் தடை.

இனோவோட குரு யோஷிதோகி இருந்தாரில்லையா, அவர் மகன் ககேயாசு. அவரும் அரசு வானியலாளர், மேப் வேலையை மேற்பார்வை பார்த்து முடிச்சவர். நாகசாகியில இருந்த டச்சு வணிக நிலையத்துக்கு மருத்துவரா வந்த சீபோல்ட் என்ற ஜெர்மானியரிடம், ரஷ்யக் கடலோடி குருசன்ஷ்டர்ன் எழுதின உலகப் பயண நூல் இருந்துச்சு. ககேயாசுவுக்கு அது வேணும், சீபோல்டுக்கு மேப் வேணும். பண்டமாற்று நடந்துச்சு. 1828-ல் விஷயம் வெளிய வந்து ககேயாசு கைதானார், 1829-ல் சிறையிலயே செத்துப் போனார். அதோட விடலை. உடம்பை உப்புல போட்டு வச்சிருந்து, விசாரணை முடிஞ்சதும் 1830-ல் அந்தப் பிணத்துக்கு மரண தண்டனை கொடுத்தாங்க. சீபோல்டை நாடு கடத்தினாங்க. அவர் மேப்பின் நகலை எப்படியோ கொண்டு போய் ஐரோப்பாவுல அச்சடிச்சார்.

இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி போனை எடுத்துப் பார்த்தேன். கழுகுப் பார்வையில டோக்கியோ விரிகுடா, ஒவ்வொரு வளைவும் தெளிவா. இந்த ஒரு படத்துக்காக ஒரு மனுஷனை உப்புல போட்டு வச்சிருந்தாங்களான்னு யோசிச்சா, விளையாட்டுத்தனமா குத்தின பென்சில் புள்ளி எல்லாம் கொஞ்சம் கனமாத் தெரிஞ்சுது.

ஒரு கொசுறு. அரசாங்கத்துகிட்ட இருந்த மூல மேப் 1873-ல் அரண்மனைத் தீயில எரிஞ்சிருச்சு. இனோ குடும்பம் கொடுத்த பிரதி 1923 காண்டோ பூகம்பத்துல சாம்பல். இனி முழுசா கிடைக்காதுன்னு நினைச்சிருந்தப்ப, 2001-ல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல அந்த 214-ல் 200-க்கும் மேற்பட்ட தாள்களோட நகல் இருக்கறது தெரிய வந்துச்சு. ஜியோகேச்சிங் பாஷையில சொன்னா, 'தொலைஞ்சது'ன்னு மூடி வச்ச டப்பா ஒண்ணு கடல் தாண்டிக் கிடைச்சது.

சரி, 450 மீட்டருக்கு வருவோம்.

மெய்ஜி காலத்துல மேற்கத்திய முறையில அளவை ஆரம்பிச்சுது. 1888-ல் ராணுவத்தோட நில அளவைத் துறை உருவாச்சு. எல்லா அளவுக்கும் ஒரு ஆரம்பப் புள்ளி வேணுமே? டோக்கியோவுல அசாபு பக்கம் இருந்த வானாய்வகத்தை வச்சுக்கிட்டாங்க. 1892-ல் அந்த இடத்தோட அட்ச தீர்க்க நம்பரை நட்சத்திரத்தைப் பார்த்து நிர்ணயிச்சாங்க. நாட்டுல இருக்கற மத்த எல்லாப் புள்ளியும் அதுல இருந்து முக்கோணம் முக்கோணமா அளந்தது.

இங்கதான் பக். நட்சத்திரத்தைப் பார்க்கற கருவிக்கு 'நேர் மேலே' எதுன்னு சொல்றது தூக்குக் குண்டு. குண்டு பூமியோட மையத்தைப் பார்த்து நேரா தொங்கும்னுதான் நாம நினைக்கறோம். ஆனா ஜப்பானுக்கு ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பல கிலோமீட்டர் ஆழத்துக்குக் கடல் பள்ளம். மலைப் பக்கம் பாறை அதிகம், ஈர்ப்பும் ஒரு பிடி அதிகம். அதனால குண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு சாயும். சாயறது சில செகண்ட் கோணம்தான் (ஒரு டிகிரியில 3600-ல் ஒரு பங்கு ஒரு செகண்ட்). ஆனா பூமியோட மேற்பரப்புல ஒரு செகண்டுக்கே முப்பது மீட்டர் வந்துரும். அது போக, பூமியோட வடிவத்துக்கு அவங்க எடுத்துக்கிட்டது 1841-ல் பெசல் போட்ட கணக்கு. எல்லாம் சேர்ந்து, டோக்கியோ பக்கம் அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டுலயும் கிட்டத்தட்ட 12 செகண்ட் வித்தியாசம். வடமேற்கா சுமார் 450 மீட்டர். என் சைக்கிள் ஸ்டாண்ட்!

அதுல ஒண்ணும் குடி முழுகலை. எல்லா மேப்பும் ஒரே மாதிரி தள்ளி இருந்தா உள்ளூர்ல யாருக்கும் வித்தியாசமே தெரியாது. டீம்ல எல்லாரும் ஒரே தப்பான வேரியபிள் பேரை உபயோகிச்சா கோடு ஓடற மாதிரி. வெளியில இருந்து ஒருத்தன் வந்து இணையும்போதுதான் வெடிக்கும்.

இதுக்கு நடுவுல மேப் மறுபடி ரகசியம் ஆச்சு. 1930-களின் கடைசியில் போர் முற்றினப்ப, ராணுவ இடங்களையும் தொழிற்சாலைகளையும் மேப்புல வேற மாதிரி மாத்தி வரைஞ்சு விட்டாங்க. ஹிரோஷிமா மாகாணத்துல ஓகுனோஷிமான்னு ஒரு தீவு. 1929-ல் இருந்து அங்க ராணுவம் விஷவாயு தயாரிச்சுது. அந்தத் தீவையே மேப்புல இருந்து தூக்கிட்டாங்க. மேப்புல இல்லைன்னா அங்க வேலை செஞ்சு நுரையீரல் கெட்டுப் போனவங்களும் இல்லைன்னு ஆயிருமா என்ன? இன்னிக்கு அந்தத் தீவு முயல்களுக்குப் பேர் போன சுற்றுலா இடம். கூடவே 1988-ல் திறந்த விஷவாயு அருங்காட்சியகமும் இருக்கு. போனா முயலை மட்டும் பார்த்துட்டு வந்துராதீங்க.

1945-ல் ராணுவத்தோட நில அளவைத் துறையைக் கலைச்சு சிவில் அமைப்பா மாத்தினாங்க. மேப் கடைக்கு வந்துச்சு. நான் ஜிம்போச்சோவுல வாங்கினது அந்த வம்சத்துல ஒண்ணுதான்.

வெளியில இருந்து வந்து இணைஞ்சவன் யாரு? ஜிபிஎஸ்.

அதுவும் அமெரிக்க ராணுவத்தோட சொத்துதான். அது பொதுமக்கள் கைக்கு வந்த கதையில ஜப்பான் கடற்கரையும் இருக்கு. 1983 செப்டம்பர் 1-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து அலாஸ்கா வழியாக சியோல் போன கொரியப் பயணிகள் விமானம் 007 பாதை விலகி சோவியத் வான்வெளிக்குள் போயிருச்சு. சகாலின் பக்கத்துல போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்துச்சு. 269 பேர். உடைஞ்ச துண்டுகள் ஹொக்கைடோ கரையில ஒதுங்கின. ஜப்பானோட வடமுனையான சோயா முனையில அவங்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கு. தான் எங்க இருக்கோம்னு அந்த விமானிகளுக்குச் சரியாத் தெரியாததுதான் காரணம். அதே மாசம் அதிபர் ரீகன் அரசு, ஜிபிஎஸ் தயாரானதும் உலகத்துல எல்லாருக்கும் இலவசம்னு அறிவிச்சுது.

கொடுத்தாங்க, ஆனா கலப்படம் பண்ணித்தான். பொதுமக்களுக்கு வர்ற சிக்னல்ல வேணும்னே 100 மீட்டர் வரைக்கும் பிழையைச் சேர்த்து விட்டாங்க. 2000 மே 2-ஆம் தேதி கிளின்டன் உத்தரவுப்படி அதை நிறுத்தினாங்க. ராத்திரியோட ராத்திரியா உலகத்துல இருந்த எல்லா ஜிபிஎஸ் கருவியும் பத்து மடங்கு துல்லியம் ஆச்சு. மறுநாள் மே 3-ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்துல டேவ் அல்மர் என்ற கம்ப்யூட்டர் ஆள் ஒரு பிளாஸ்டிக் வாளியில புத்தகம், ஒரு டின் பீன்ஸ், கவட்டை மாதிரி சாமான்களைப் போட்டுக் காட்டுக்குள்ள வச்சு, நம்பரை இணையத்துல போட்டார். அதே மாசக் கடைசியில ஜியோகேச்சிங்னு பேர் வந்துச்சு. செப்டம்பர்ல ஜெரமி ஐரிஷ் 75 டப்பாக்களோட இணையதளம் ஆரம்பிச்சார். அங்க இருந்து ஜப்பானுக்கும் வந்துச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. வானத்துல இருந்து வர்ற நம்பர் உலகக் கணக்கு. கையில இருக்கற ஜப்பானிய மேப் டோக்கியோ கணக்கு. அந்த ரெண்டு வருஷமும் இங்க மேப்பையும் ஜிபிஎஸ்ஸையும் சேர்த்து வச்சு ஒரு இடத்தைத் தேடினவங்க 450 மீட்டரை மனசுல கழிக்காம ஒண்ணும் பண்ண முடியாது. 2002 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜப்பான் தன் அளவைச் சட்டத்தைத் திருத்தி உலகக் கணக்குக்கு மாறிச்சு. ஒரு வீடு, ஒரு மரம் கூட அசையலை. ஆனா நாட்டுல இருக்கற ஒவ்வொரு இடத்தோட நம்பரும் அன்னிக்கு மாறிச்சு.

இதை எல்லாம் படிச்சு முடிச்சு சென்பாய்கிட்ட ஒப்பிச்சேன். கேட்டுட்டு, "அது நம்பர் மட்டும் மாறினது. நிலமே மாறினதைப் பார்க்கணுமா?"ன்னார். மே மாச லீவுல என்னைத் தன் ஊருக்குக் கூட்டிட்டுப் போனார்.

செண்டாய் வரைக்கும் ஷின்கான்சென், அங்க இருந்து லோக்கல் ரயில்ல இஷினோமாகி. முதல்ல ஹியோரியாமாங்கற குன்றுக்குப் போனோம். 2011 மார்ச் 11 அன்று ஊர் ஜனங்க ஓடி ஏறின குன்று அது. மேல இருந்து பார்த்தா கடல் வரைக்கும் புல்வெளியும் நினைவுப் பூங்காவும். வீடுகளா இருந்த இடம். அந்த ஒரு நகராட்சியில மட்டும் மூவாயிரத்துக்கும் மேல செத்துப் போனாங்க. சென்பாய் கை நீட்டிக் காட்டிட்டே வந்தார். பள்ளிக்கூட நண்பன் வீடு, ரொட்டிக்கடை. எனக்குத் தெரிஞ்சது புல் மட்டும்தான்.

அங்க இருந்து கார்ல ஓஷிகா தீபகற்பம். பூகம்ப மையத்துக்குப் பக்கத்து நிலம். அங்க இருக்கற அரசாங்க ஜிபிஎஸ் நிலையம் அன்னிக்கு 5.3 மீட்டர் கிழக்கு-தென்கிழக்கா நகர்ந்து, 1.2 மீட்டர் கீழே இறங்கினதா பதிவாகியிருக்கு. பாறை, மலை, ரோடு எல்லாத்தோடயும் சேர்த்து. டோக்கியோவுல இருக்கற அந்த ஆரம்பப் புள்ளியே 27 சென்டிமீட்டர் கிழக்கே போயிருச்சு. 2011 அக்டோபர்ல நாட்டோட மூல நம்பர்களைத் திருத்தினாங்க. உயரத்துக்கான மூலக்கல் டோக்கியோ நகாதாச்சோவுல இருக்கு. 1891-ல் 24.5 மீட்டர்னு ஆரம்பிச்சது, 1923 பூகம்பத்துக்கப்புறம் 24.4140, 2011-க்கப்புறம் 24.3900. இந்த ஊர்ல அஸ்திவாரமே வெர்ஷன் நம்பரோடதான் இருக்கு.

ஒரு சின்ன விரிகுடாவுக்கு மேல, மலைச்சரிவுல ஒத்தையடிப் பாதை. சென்பாய் 2008-ல் அங்க ஒரு டப்பா ஒளிச்சு வச்சிருந்தார். அவர் பிறந்த வீடு கீழே விரிகுடாவுல. அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் டப்பாவையும் பார்த்துட்டுப் போவாராம். அம்மா அன்னிக்கு செண்டாய்ல அக்கா வீட்டுல இருந்ததால தப்பிச்சாங்க. வீடு போயிருச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க போயிட்டாங்க.

அந்த வருஷம் இலையுதிர் காலத்துல முதல் தடவையா இந்தச் சரிவுக்கு ஏறி வந்திருக்கார். ஜிபிஎஸ் காட்டின இடத்துல நின்னா வெறும் மண். பாறையே காணோம். கைக்கருவியில மூணு நாலு மீட்டர் பிழை எப்பவும் இருக்கறதுதான், அதனால அரை மணி நேரம் அசையாம வச்சு சராசரி எடுத்துப் பார்த்திருக்கார். அதே வெறும் மண். நிமிர்ந்து பார்த்தா பாறை கொஞ்சம் தள்ளி, அஞ்சு மீட்டர் கடல் பக்கமா. கையை விட்டா டப்பா அப்படியே இருக்கு. காகிதத்துல ஒரு துளி தண்ணி கூடப் படலை. கடைசிப் பேர் 2011 பிப்ரவரி மாசத்துது.

"கீழே எதுவும் மிச்சமில்லை. மேலே எதுவும் மாறலை. நம்பர் மட்டும்தான் மாறியிருந்துச்சு"ன்னார்.

எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன். "அந்தப் பழைய நம்பரை அப்படியே விட்டிருக்கலாமே சென்பாய்? ஒரு ஞாபகத்துக்கு?"

அவர் பாறைக்கு அடியில கையை விட்டு டப்பாவை எடுத்து என்கிட்ட கொடுத்தார். "எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தேடி வர்றவங்களுக்கு எங்க இருக்குன்னுதானே தெரியணும்? அன்னிக்கு ராத்திரியே மாத்திட்டேன்."

கீழே இறங்கும்போது அவரே சொன்ன ஒரு விஷயத்தையும் எழுதிடறேன். இன்னும் வடக்கே இவாதே மாகாணத்துல அனேயோஷின்னு ஒரு குக்கிராமம். 1933 சுனாமிக்கு அப்புறம் அங்க மலைப் பாதையில ஒரு கல் நட்டாங்க, இதுக்குக் கீழே வீடு கட்டாதீங்கன்னு. ஊர் ஜனங்க அதை மதிச்சாங்க. 2011-ல் அந்தப் பள்ளத்தாக்குல தண்ணி 40 மீட்டர் உயரம் வரைக்கும் ஏறியும் கல்லைத் தொடலை. மேலே இருந்த வீடுகள் தப்பிச்சுது. இந்த மாதிரி கல்லு நாடு பூரா இருந்தும் பல ஊர்ல மறந்து போயிட்டாங்க. 2019-ல் அரசாங்க மேப்புல இந்தப் பேரிடர் நினைவுக் கற்களுக்குன்னே ஒரு தனிக் குறியீடு கொண்டு வந்தாங்க. ஒரு காலத்துல தீவையே மேப்புல இருந்து அழிச்ச நாடு, இப்ப ரோட்டோரக் கல்லைத் தேடித் தேடி மேப்புல ஏத்துது.

ஜப்பான் வர்ற நம்ம பசங்களுக்கு ரெண்டு டிப்ஸ். ஒண்ணு, வீடுகளுக்குப் பக்கத்துல நாப்பது நிமிஷம் தேடாதீங்க, அஞ்சு நிமிஷத்துல கிடைக்கலைன்னா விட்டுட்டு வந்துருங்க (சொந்த அனுபவம்). ரெண்டு, பழைய மேப் வாங்கினா மூலையில வருஷத்தைப் பாருங்க. 2002-க்கு முந்தினதுன்னா தென்கிழக்கே 1.8 சென்டிமீட்டர். அதுவும் டோக்கியோவுக்கு மட்டும்தான், மத்த ஊருக்கு வேற கணக்கு.

ஓஷிகா டப்பாவுல என் பேரை எழுதினேன். தமிழ்லதான். மேல இருந்த பேருக்கும் என் பேருக்கும் நடுவுல சென்பாய் தன்னோட சிவப்பு முத்திரையை ஒண்ணு வச்சு, தேதி போட்டு, மூடிப் பாறைக்கு அடியில வச்சார். போன்ல நம்பரைச் சரிபார்த்தேன். சரியா இருந்துச்சு.